கிரைண்டர் மேல் கற்பூரம்

ஒரு பொருள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, பழுதாகி மறுபடி கடைக்குப் போய், அங்கே திட்டு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்து சேரும் இடம்தான் நுகர்வோர் வழக்கறிஞரின் அலுவலகம்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயத்தில், தேரடி வீதியில் ஒரு மாடி அறையில் நான் அந்தத் தொழிலைத் தொடங்கினேன். அப்போது நுகர்வோர் என்ற சொல்லே பலருக்குப் புதிது. ஏமாறுவது மட்டும் எல்லோருக்கும் பழகிய விஷயமாக இருந்தது. பில் கேட்டதற்காக முறைக்கப்பட்டு, பில் இல்லாததற்காக விரட்டப்பட்ட வாசகர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். எனக்கு ஒரு கறுப்பு கோட்டு கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

திருப்புளி இல்லாத அறை

என்னைத் தேடி வந்த முதல் கட்சிக்காரர் கீழ்பென்னாத்தூர் விவசாயி. பம்புசெட்டின் ஸ்டார்ட்டரைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். வாங்கிய வாரத்திலேயே நின்றுவிட்டதாம். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லையாம்.

நான் மகிழ்ச்சியோடு விளக்க ஆரம்பித்தேன். முதலில் கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவோம், பதில் வரக் காத்திருப்போம், வராவிட்டால் நுகர்வோர் மன்றத்தில் மனு போடுவோம் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார். ஸ்டார்ட்டரை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“இவ்ளோ புஸ்தகம் வெச்சிருக்கீங்க, ஒரு திருப்புளி கூட வெக்கலையே சார்?”

முதல் போன்

அந்தக் காலத்தில் ஒரு நாளிதழின் சிறுவர் பகுதிக்கும் நான் எழுதிவந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் இக்பால் பாய் என்னைத் தேடி வந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தது. இவர் ஊருக்குக் கேபிள் இணைப்பு கொடுத்து, அந்தக் கடையின் மாடியில் ஒரு சேனலும் தொடங்கியிருந்தார். “சின்னப் பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதறீங்க. அதே மாதிரி பெரியவங்களுக்கும் சட்டம் சொல்லுங்க சார்” என்றார். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம். நிகழ்ச்சியின் பெயர் ‘பில் இருக்கா?’ நேயர்கள் போனில் கேட்பார்கள், நான் நேரலையில் பதில் சொல்ல வேண்டும். பின்னால் ஒரு பச்சைத் துணி, எதிரே இரண்டு டியூப்லைட். ஃபேன் சத்தம் போடும் என்பதால் நிகழ்ச்சி முடியும்வரை அது ஓடாது. முதலாளி, கேமராமேன், லைட்மேன் எல்லாமே இக்பால் பாய்தான்.

முதல் நாள், முதல் போன். “சார், எங்க தெருவுல ஒரு வாரமா கேபிளே தெரியல. சந்தா மட்டும் கரெக்டா வந்து வாங்கிட்டுப் போறாங்க. யார்மேல கேஸ் போடணும்?”

கேமரா மெதுவாக என்னைவிட்டு நகர்ந்து, சுவரில் மாட்டியிருந்த கோபுரப் படத்தில் போய் நின்றது. நான் நிலைமையைச் சமாளிக்க, “கேபிளே தெரியவில்லை என்றால் இந்த நிகழ்ச்சியை எப்படிப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டேன். “எங்க சித்தி வூட்ல இருந்து பாக்கறேன் சார், அங்க பளிச்சுனு தெரியுது” என்று பதில் வந்தது. அன்று நிகழ்ச்சி முடிந்ததும் பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“சட்டம் பேசுங்க சார், வேணாங்கல. ஆனா நம்ம வூட்டு சமாச்சாரத்த ஊர்ல பேசாதீங்க.”

மேஜைமேல் மிக்சி

ஸ்பான்சர் கிடைத்த பிறகுதான் நிகழ்ச்சிக்குக் களை வந்தது. மிக்சி, கிரைண்டர் கடை வைத்திருந்த தனகோட்டி முதலாளி முன்வந்தார். பட்டுச் சட்டையும் ஒரு பெரிய பச்சைக்கல் மோதிரமுமாக அவரே ஸ்டூடியோவுக்கு வந்து, என் மேஜைமேல் ஒரு மிக்சியை வைத்தார். நான் அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினேன். அவர் மறுபடி நடுவில் வைத்தார்.

ஊரில் விற்பவர்களைப் பற்றிப் புகார் கேட்கும் நிகழ்ச்சிக்கு, ஊரில் அதிகம் விற்பவரே பணம் கொடுப்பது சரியாக இருக்குமா என்று நான் பாயிடம் ரகசியமாகக் கேட்டேன். “ஞாயத்துக்குக் கரண்ட் பில்லு யாரு சார் கட்டுவா?” என்றார் அவர். எங்கள் முணுமுணுப்பு முதலாளியின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார்:

“நீங்க யாரப்பத்தி வேணா பேசுங்க வக்கீல் சார். மிக்சிய மட்டும் மறைக்காம பேசுங்க.”

சரோஜா வந்தார்

ஒருநாள் காலை அலுவலக வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண்மணியும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு கிரைண்டரை மாடிக்கு ஏற்றினார்கள். அவர் பெயர் சரோஜா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி நடக்கிறவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. ஆட்டுக்கல்லில் அரைத்து அரைத்துத் தோள்பட்டை போய்விட்டது என்று புது கிரைண்டர் வாங்கியிருந்தார். அது இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஸ்விட்சைப் போட்டால் உறுமியதே தவிர, கல் சுற்றவில்லை.

கிரைண்டரின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கருகிய வட்டம் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்த சரோஜா, “அது ஒண்ணுமில்ல சார். பூஜ போட்டுக் குடுக்கறேன்னு முதலாளியே கடையில கற்பூரம் ஏத்தனாரு” என்றார். இது எங்கள் ஊர் வழக்கம். சைக்கிளோ டிராக்டரோ, எது வாங்கினாலும் சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம் என்று ஒரு சுற்று முடியாமல் வீட்டுக்கு வராது. நெருப்பே சாமியாக நிற்கும் ஊரில் பிளாஸ்டிக் மூடிக்குப் பயந்து யார் கற்பூரத்தை நிறுத்துவார்கள்?

எந்தக் கடை என்று கேட்டேன். சரோஜா என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார்:

“உங்க மேஜமேல மிக்சி வெச்சிருப்பாரே, அவருதான் சார். நீங்களே சொல்றீங்கன்னா நல்ல கடையாத்தான் இருக்கும்னு நம்பி வாங்கனேன்.”

முதலாளியின் உபசாரம்

நேராகக் கடைக்குப் போனேன். தனகோட்டி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, “இதெல்லாம் ஒரு விஷயமா சார்? நம்ம புரோகிராம் ஆளு நீங்க” என்றார். மூடியில் இருந்த கருகலைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “தீ பட்டிருக்குதா? தீ பட்டா வாரண்ட்டி கிடையாது சார். கம்பெனி ரூலு” என்றார்.

கெட்டுப்போனது கீழே இருக்கும் மோட்டார், கருகியது மேலே இருக்கும் மூடி, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றேன். அது கம்பெனிக்குத் தெரியாது என்றார். அந்தக் கற்பூரத்தை ஏற்றியதே நீங்கள்தானே என்றேன். “யாரு பாத்தது? அந்தம்மா வூட்ல ஏத்தியிருப்பாங்க” என்றார். வழக்குத்தான் போடவேண்டும் என்று நான் எழுந்தேன். அவரும் எழுந்து, என் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்:

“தாராளமா போடுங்க சார், நான் தப்பா நெனைக்க மாட்டேன். சனிக்கிழமைக்குப் புது மாடல் மிக்சி அனுப்பறேன், அத முன்னாடி வெச்சிக்குங்க.”

கண் வலி

வழக்குப் போட்டோம். தனகோட்டியின் வக்கீல் அழகான பதிலுரை ஒன்றைத் தாக்கல் செய்தார். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: ‘எதிர்மனுதாரரின் கடையில் தீப்பெட்டிகூட வைத்துக்கொள்ளப்படுவதில்லை.’ அதன் பிறகு அவர் வாய்தாவுக்குமேல் வாய்தா கேட்டார். ஒருமுறை கட்சிக்காரரின் மைத்துனிக்குக் கல்யாணம். ஒருமுறை கட்சிக்காரருக்கு மெட்ராஸ் ஐ. ஒருமுறை அந்த மெட்ராஸ் ஐ வக்கீலுக்கே தொற்றிக்கொண்டது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடையில் ஒரு பௌர்ணமி போய்க்கொண்டிருந்தது. சரோஜா பழையபடி ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பாதி மாவுதான் அரைக்க முடிந்தது. பாதி வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போனது. இதற்குள் கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. வருஷா வருஷம் தீபத்துக்குச் சென்னையிலிருந்து வரும் பஜனைக் கோஷ்டி ஒன்று, மொத்தப் பேருக்கும் காலை இட்லி போடமுடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தது. முடியாது என்றால் அவர்களும் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். போனவர்கள் மறுவருஷம் திரும்பமாட்டார்கள். சரோஜா இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். கண் வலி வாய்தா கிடைத்த அன்று, மன்றத்தின் படியில் தோளைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

“கண்ணு வலிக்கு வாய்தா குடுக்கறாங்க. எந் தோள்பட்ட வலிக்கு யாரு சார் வாய்தா குடுப்பா?”

பாதிச் சவரம்

என் நிகழ்ச்சியை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை நேரலையில் பேசிக்கொண்டிருப்பேன். ஞாயிறு மதியம் மறு ஒளிபரப்பாகும்போது தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரக் கடையில் கூட்டம் அதிகம். என் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே டிவியில் நான்! மிக்சிக்குப் பின்னாலிருந்து, ‘ஏமாறாதீர்கள்’ என்று எனக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தனகோட்டி கடை விளம்பரம் வந்தது. புத்தம் புது கிரைண்டர் ஒன்று. அதற்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைப் பூ. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை ஒன்று திரை முழுக்கத் தெரிந்தது. அது தீக்குச்சியைக் கிழித்து, மூடியின்மேல் கற்பூரம் ஏற்றியது. சுடர் எழும்போது பின்னால் இக்பால் பாயின் கணீர்க் குரல்: “எங்கள் கடையில் எந்தப் பொருள் வாங்கினாலும், முதலாளியே தம் கையால் கற்பூரம் ஏற்றித்தான் தருவார்!”

நான் துள்ளி எழுந்து, நுரையோடு வாசலுக்கு ஓடினேன். கத்தியை உயர்த்திப் பிடித்தபடி சவரக்காரர் என் பின்னால் ஓடிவந்தார்:

“டிவியில நல்லாத்தான் சார் தெரியறீங்க! இந்த மூஞ்சோட போனாத்தான் ஆளு அடையாளம் தெரியாது, வந்து உக்காருங்க!”

பாயின் தர்மசங்கடம்

இரண்டு கன்னமும் ஒரே மாதிரி ஆன பிறகு இக்பால் பாயிடம் போய் விளம்பர கேசட்டைக் கேட்டேன். “ஸ்பான்சரு வயித்துல நானே அடிக்கணுமா சார்? அவரு போயிட்டா உங்க புரோகிராமும் போயிடும்” என்றார். சரோஜாவைப் பற்றிச் சொன்னேன். தீபம் வருவதைச் சொன்னேன். நம் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனார் என்பதையும் சொன்னேன். பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். “கேசட்டு தரமாட்டேன். ஆனா நாளைக்கு சாயங்காலம் அந்த விளம்பரம் வரும். ஊர்ல எவன் வூட்டு டெக்குல ரெக்கார்ட் பண்றான்னு நான் போயி பாக்க முடியுமா?” என்றார்.

மறுநாள் மாலை, என் வீட்டு வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டு உட்கார்ந்தேன். சரியாகப் பதிவாகாமல் போய்விடுமோ என்று பாய்க்கு என்னைவிடக் கவலை போலிருக்கிறது. பக்திப் பாடலுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, நடுவில் பாட்டை நிறுத்தி ஒருமுறை என்று அதே விளம்பரத்தைப் போட்டுத் தள்ளினார். கடைசியில் எனக்குப் போன் செய்தார். சிரிப்பை அடக்கமுடியாமல், தனகோட்டி சற்றுமுன் தன்னிடம் பேசியதை அப்படியே சொன்னார்:

“‘இன்னிக்கி நம்ம விளம்பரம் ஜாஸ்தி வந்துச்சே பாய், காசு கூட கேக்காம போட்டிருக்கீங்க, நல்ல மனசு உங்களுக்கு’ன்றாரு சார்!”

மோதிரக் கை

அடுத்த விசாரணைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மன்றத்தில் ஒரு ஸ்டூல்மேல் டிவியை வைத்ததும், மற்ற வழக்குகளுக்கு வந்தவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். ஏதோ படம் போடுகிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும்.

படம் ஓடியது. கை வந்தது, தீக்குச்சி வந்தது, கற்பூரம் எரிந்தது. தனகோட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, தன் விளம்பரத்தைக் கண்கொட்டாமல் ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் மட்டும் ஆபத்தைப் புரிந்துகொண்டு எழுந்தார். “இது வெறும் விளம்பரம். திரையில் தெரிவது ஒரு கை மட்டுமே. அது யாரோ கூலிக்கு நடித்தவரின் கை. என் கட்சிக்காரரின் கை அல்ல” என்று அடித்துச் சொன்னார். மன்றத் தலைவர், முதலாளியையே கேட்டுவிடலாமே என்று அவர் பக்கம் திரும்பினார். தனகோட்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே பார்த்துப் பாராட்டிய கையை, தான் பீஸ் கொடுத்து வைத்த வக்கீலே கூலிக் கை என்கிறாரே! மோதிர விரலை மன்றம் முழுவதும் பார்க்கும்படி உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றார்:

“இன்னா சார் இப்டிச் சொல்லிட்டீங்க? மோதரத்தப் பாருங்க, எங் கைதான்! நடிப்பெல்லாம் இல்ல, ஒவ்வொரு மிஷினுக்கும் நான்தான் ஏத்தறேன்!”

செங்கல்

தீபத்துக்கு முன்பே புது கிரைண்டர் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. தனகோட்டி அதை ஆள் அனுப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இக்பால் பாய் கேமராவோடு வருகிறார் என்று தெரிந்ததும், அவரே பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டார். சரோஜா வீட்டு வாசலில் கிரைண்டர் இறங்கியது. சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பூ வைத்தார். பழக்க தோஷம், கற்பூரத்தோடு அவர் கை தானாக மூடியின்மேல் போனது. நானும் பாயும் ஒரே நேரத்தில் கத்தினோம். கை அந்தரத்தில் நின்றது.

சரோஜா பதறவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, கிரைண்டருக்கு எதிரே தரையில் வைத்தார்:

“இதுமேல ஏத்துங்கண்ணா. நாளைக்கி மோட்டாரு நின்னுச்சுன்னா, செங்கல்லு கருகிப் போச்சு, வாரண்ட்டி இல்லன்னு சொல்லிட்டுப் போங்க.”

புது விளம்பரம்

மோட்டார் நிற்கவில்லை. அன்று மாலையே அரிசி ஊறப்போட்டு, பஜனைக் கோஷ்டிக்குச் சரி என்று சொல்லியனுப்பினார் சரோஜா. தீபத்தன்று காலை நானும் போனேன். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். இட்லி பூப்போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போகும்போது, இனி ஸ்பான்சர் இல்லை, மேஜையில் என் முகமாவது முழுதாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே போனேன். மேஜைமேல் மிக்சிக்குப் பதிலாக ஒரு கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்தால் நெற்றி மட்டும்தான் தெரியும். இடைவேளையில் புது விளம்பரம் ஓடியது. அடி அண்ணாமலை, சரோஜா வீட்டு வாசல், செங்கல்மேல் கற்பூரம், மோதிரக் கை. பின்னால் பாயின் குரல்: “வழக்குப் போட்டவருக்கே வீடு தேடிப் போய்ப் புது கிரைண்டர் கொடுத்த ஒரே கடை!” நான் பாயை முறைத்தேன். அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை விரித்தார்:

“தோத்தவரு விளம்பரம் குடுக்கறாரு சார். ஜெயிச்ச நீங்க இன்னா குடுத்தீங்க?”

இத்தனை வருஷம் டிவியில் பேசி வாங்குகிறவர்களுக்கு விழிப்பை உண்டாக்கினேனோ இல்லையோ, விற்கிறவர்களுக்குக் கேமரா முன்னால் எதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் சந்தேகமில்லாமல் கற்றுக்கொடுத்துவிட்டேன்.